பத்திரிகையில் ஒரு தந்தை கூடுதல்

நல்லூரில் என் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் விலைக்குத்தான் சண்டை போடுவார்கள். எங்கே இழுத்தால் எங்கே இறங்குவார்கள் என்று எனக்கும் தெரியும். போன சனிக்கிழமை வந்த சம்பந்திகள் விலைப் பேச்சையே எடுக்கவில்லை.

மாப்பிள்ளை சகாயராஜின் அப்பா அந்தோணிராஜ் கத்தோலிக்கர். பெண் நதியாவின் அப்பா ஞானசிகாமணி புராட்டஸ்டன்ட் சபைக்காரர். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, இருபது வருடமாக ஒரே பனியன் கம்பெனியில் ஒரே கட்டிங் டேபிளின் இரண்டு முனைகளில் நிற்பவர்கள். கல்யாணம் கத்தோலிக்கக் கோயிலில். பெண் வீட்டுப் போதகர் வந்து ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. அப்படியே புரூப் எடுத்து, நதியாவையும் கூட்டி வந்திருந்த இருவரிடமும் நீட்டினேன்.

ஞானசிகாமணி, கோயில் சாமியாரைக் குறிக்கும் ‘பங்குத்தந்தை’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். “இத எடுத்துருங்க அண்ணாச்சி. பூமியில ஒருத்தரையும் பிதான்னு கூப்பிடக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு.”

“பின்ன எங்க ஃபாதர பெரியப்பான்னா கூப்பிடுவாங்க, வே?” என்றார் அந்தோணிராஜ்.

நான் நடுவில் புகுந்தேன். “ஏனுங்க, மேல ‘மணமகளின் தந்தை ஞானசிகாமணி’ன்னு இருக்குதுங்களே. அதையும் எடுத்துரலாங்களா?”

“நான் பெத்த தகப்பன். அது வேற.”

“பவுலடியாரே தன்னத் தகப்பன்னு எழுதியிருக்காரு, வே.”

“அதுக்கு அர்த்தம் வேற.”

“உமக்கு ஆகாத வசனத்துக்கெல்லாம் அர்த்தம் வேறதான்.”

ஞானசிகாமணி எழுந்துவிட்டார். “இந்தச் சொல்லு இருந்தா கல்யாணமே வேண்டாம். வா நதியா.”

நதியா எழவில்லை. கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண். துணியில் ஓட்டை தேடித் தேடி எதையும் இரண்டு முறை பார்க்கிற பழக்கம். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அப்பாவின் பையிலிருந்து வேதத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினாள்.

“நீங்க சொன்னதுக்கு மேல் வசனம் ஒண்ணு இருக்குப்பா. கிறிஸ்து ஒருத்தர்தான் போதகராம். நீங்க எல்லாரும் சகோதரராம்.” புரூபில் ‘போதகர்’ என்ற சொல்லைத் தொட்டாள். “அப்ப இதையும் எடுக்கணும்.”

அந்தோணிராஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“சிரிக்காதீங்க மாமா. கீழ் வசனத்துல குருக்கள்னும் சொல்லக் கூடாதாம். நீங்க குருவானவர்னுதான சொல்லுதீங்க?”

சிரிப்பு நின்றது. ஆளுக்கொரு ஓட்டை. பேரம் படிய இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன்.

“ரெண்டு பேருக்குமே சகோதரர்னு போட்டுரலாங்க. வேதத்துலயே இருக்குது பாருங்க.”

அந்தோணிராஜ் பதறிவிட்டார். “எங்கள்ல பிரதர்னா இன்னும் குருப்பட்டம் வாங்காதவரு அண்ணாச்சி. அவரு பூசையே வைக்க முடியாது. பத்திரிகையப் பாத்துட்டு ஊரே கேக்கும், இந்தக் கல்யாணம் செல்லுமான்னு.”

நதியா அதற்குள் என் மாதிரிப் பத்திரிகை ஆல்பத்தைப் பாதிக்குமேல் புரட்டியிருந்தாள்.

“இது யாருக்கு அடிச்சது அண்ணாச்சி?”

“அது கத்தோலிக்கக் கோயில்ல குழந்தைங்களோட புதுநன்மை விழாவுக்கு அடிச்சது, கண்ணு.”

“இது?”

“உங்க சபை ஆளுங்க கல்யாணந்தான்.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் சாமியாரின் பேருக்கும் இன்னொன்றில் போதகரின் பேருக்கும் முன்னால் ‘அருட்பணி’ என்று இருந்தது. அடித்தவன் நான். இத்தனை வருடத்தில் கவனித்ததில்லை.

“தகப்பனும் இல்ல, போதகரும் இல்ல, குருவும் இல்ல,” என்றாள். “பணி. அவ்வளவுதான்.”

“எங்க சாமியார் லெட்டர்பேடுலயும் இதான் இருக்கு,” என்றார் அந்தோணிராஜ், கொஞ்சம் இறங்கிய குரலில்.

ஞானசிகாமணி சொல்லை வாய்க்குள் மூன்று முறை உருட்டிப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: “ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து சைஸா?”

“மயிரிழ வித்தியாசம் வராதுங்க.”

திருத்திய புரூபில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை நதியா விட்டது எனக்கே கேட்டது. சகாயராஜுக்குப் போன் போட்டுக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

“போட்டுட்டாங்க. ரெண்டு பேருந்தான்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். “ஏய், நீ எதுக்கு அழுத? தையல் லைன்ல எல்லாரும் பாப்பாங்க. மொதல்ல போய்ச் சாப்பிடு.”