கை நனைக்காத சம்பந்தி

ஏரியூர் நஞ்சப்பன் யாரையும் வாயால் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொன்னால் பகை வரும், பகை வந்தால் பஸ்ஸில் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? மகள் கோகிலவாணிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் நாற்காலியில் உட்காருவார். மழை எப்படி என்று கேட்பார். காபி வரும், பலகாரத் தட்டு வரும். "இப்பத்தாங்க சாப்புட்டு வந்தோம்" என்பார். அவ்வளவுதான், முடிந்தது சங்கதி. சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் எழுந்தால் இல்லை. இது தர்மபுரிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படி அரூரில் ஒரு வீடு, தொப்பூரில் ஒரு வீடு, பென்னாகரத்தில் ஒரு வீடு என்று மூன்று இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தார். ஒன்றில் மாப்பிள்ளைக்கு முடி கொட்டியிருந்தது. ஒன்றில் போர் தண்ணீர் உப்பு. மூன்றாவது வீட்டில் என்ன குறை என்று அவருக்கே இப்போது ஞாபகமில்லை. மகளுக்கு மட்டும் முப்பத்தொன்று ஆகிவிட்டது.

நாலாவது வீடு ஒரு தீவில் இருந்தது.

கோகிலவாணி சிங்கப்பூரில் நர்ஸ். கூட வேலை செய்கிற ரோமெல் என்ற பிலிப்பைன்ஸ் பையனை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அவள் அழவில்லை, கத்தவில்லை. போனில் நிதானமாகச் சொன்னாள். "அப்பா, வந்து அவங்க வூட்டைப் பாருங்க. உங்களுக்கு வேண்டான்னா நான் மீற மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் மாப்பிள்ளைங்கற பேச்சையே எங்கிட்ட எடுக்கக் கூடாது. இதுதான் கடைசி வூடு."

"கடைசின்னா?"

"கடைசின்னா கடைசிப்பா."

நஞ்சப்பன் பயப்படவில்லை. போவோம், உட்காருவோம், கை நனைக்காமல் வருவோம், ஆறு மாசத்தில் பிள்ளை மனசு மாறும் என்று கணக்குப் போட்டார். மனைவி தீர்த்தம்மாள் ஒரு தூக்கு நிறைய முறுக்கும் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்தாள். மாடுகளைப் பார்க்க ஆள் வேண்டுமே, அதனால் அவள் போகவில்லை. "மூணு நாளுக்கு இதையே தின்னுக்கிட்டு இருந்துருவீங்களா?" என்றாள்.

"ஏன், இருந்தா செத்தா போயிருவேன்?"

சிங்கப்பூர் போய், மகளோடு பிலிப்பைன்ஸில் செபு என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் சிகிஹோர் தீவுக்குப் போனார். வாழ்நாளில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தவருக்கு என்ன தோன்றியது என்று கேட்காதீர்கள். வழி நெடுக வாந்திதான்.

ஊர் என்னவோ அமைதியான ஊர்தான். தென்னை, பலா, மாமரம், மூங்கில் தட்டி வீடுகள், ஒரு சின்ன மாதா கோயில். கோழி கூவினால் அடுத்த தெருவில் கேட்கும். ஒரு ஊர் இவ்வளவு அமைதியாக இருந்தால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று நஞ்சப்பன் துருவித் துருவிப் பார்த்தார். பங்காளிச் சண்டை இல்லை, வரப்புத் தகராறு இல்லை. முன்கூட்டியே ஊருக்கு வந்திருந்த ரோமெலும் வாசலில் வந்து பையை வாங்கிக்கொண்டு காலைத் தொட்டுக் கும்பிட்டான். கோகிலவாணி சொல்லிக் கொடுத்திருப்பாள். முடியும் கொட்டவில்லை. அது வேறு எரிச்சல்.

ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாம் எதிரே வருகிறவரை "என்னா, எங்க இவ்வளவு தூரம்?" என்று கேட்போம் இல்லையா? அங்கே "மங்காவோன் தா" என்கிறார்கள். வாங்க சாப்பிடலாம் என்று அர்த்தமாம். பார்க்கிறவன் எல்லாம் சாப்பிடக் கூப்பிடுகிற ஊருக்கு, சாப்பிடாமல் திரும்புவதற்கென்றே ஒரு மனுஷன் விமானம் ஏறி வந்திருந்தார்.

ரோமெலின் அப்பா பெர்தோ, நஞ்சப்பன் வயதுக்காரர், வெயிலில் காய்ந்த உடம்பு. அம்மா லூர்தெஸ் வந்ததும் வராததுமாகத் தட்டு வைத்தாள். சோறு, மீன், ஓரத்தில் வெந்த குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி. நஞ்சப்பன் ஏரியூரில் இரண்டு ஏக்கரில் போடுகிற அதே குச்சிக்கிழங்கு.

"இப்பத்தான் சாப்புட்டு வந்தோம்னு சொல்லு."

"கப்பல்ல நீங்க வாந்தி எடுத்ததை ஊரே பாத்துச்சுப்பா."

நஞ்சப்பன் யோசித்தார். "செரி, எங்கூர்ல பெரியவங்க சம்பந்தம் பேச மொதத் தடவ வந்தா அந்த வூட்டுல சாப்புட மாட்டாங்க, அதுதான் அவங்களுக்குச் செய்யற பெரிய மரியாதைன்னு சொல்லு."

கோகிலவாணி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லட்டுமா?"

"சொல்லுங்கறேன்ல."

சொன்னாள். பெர்தோ கேட்டார், நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். இப்படி ஒரு மரியாதையை அவருக்கு அதுவரை யாரும் செய்ததில்லை போலிருக்கிறது. கண்கூடக் கலங்கிவிட்டது.

லூர்தெஸ் மட்டும் விடவில்லை. மரியாதை இருக்கட்டும், வந்த மனுஷனுக்குத் தட்டு வைக்காமல் எப்படி என்று மூன்று நாளும் மூன்று வேளையும் வைத்தாள். வைத்தது வைத்தபடி கொல்லைப் பன்றிகளுக்குப் போனது. அந்தப் பன்றிகளுக்கு அப்படி ஒரு தீபாவளி அதற்கு முன்னும் வந்திருக்காது, பின்னும் வந்திருக்காது. நஞ்சப்பன் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு, சாயங்காலமானால் பன்றிப் பட்டிக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து முறுக்குத் தின்றார். மூன்று வீட்டை வேண்டாமென்று ஒதுக்கிய கௌரவம் இப்போது பன்றிப் பட்டிக்குப் பின்னால் சத்தம் வராமல் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார், யாரும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் பெர்தோ கிழங்கு நடப் போனார். நஞ்சப்பனும் வேடிக்கை பார்க்கப் போனார். பெர்தோ கிழங்குக் குச்சியைத் துண்டு போட்டுப் படுக்கை வசமாக மண்ணில் புதைத்தார். நஞ்சப்பனால் பொறுக்க முடியவில்லை.

"அட மனுசா, படுக்க வெச்சா எப்புடிங்க கெழங்கு எறங்கும்? நிறுத்தி வெக்கணும், நிறுத்தி! கணு மேல பாக்கணும்!"

பெர்தோவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நஞ்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழங்குக் காட்டில் இறங்கினார். ஒன்றை நட்டுக் காட்டினார். பெர்தோ அதேபோல் ஒன்று நட்டார். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சால் பிடித்தார்கள். ஒருவர் தமிழில் பேசினார், மற்றவர் அவர் பாஷையில் பேசினார், இரண்டு பேரும் சிரித்தார்கள். உச்சி வெயிலில் நஞ்சப்பனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. பார்க்கப் போன வீடுகளில் இதுவரை எந்தச் சம்பந்தியின் காட்டிலும் அவர் கால் வைத்ததில்லை. இந்த ஆளை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் நிஜம்.

அந்நேரம் பார்த்து லூர்தெஸ் வாழை இலையில் கிழங்கு கொண்டுவந்தாள். வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டது, ஆவி பறந்தது. நஞ்சப்பன் நாக்கில் எச்சில் ஊறியது. இது வீடு இல்லை, காடு. காட்டில் தின்றால் கணக்கில் வருமா? வந்தால்தான் வரட்டுமே! சம்மதம்தான் என்று சொல்லிவிட்டால் போகிறது. கை பாதி தூரம் போயும்விட்டது.

பெர்தோ பார்த்துவிட்டார். பதறிப்போய் இலையை எட்ட நகர்த்தினார். பெண்டாட்டியை ஏதோ அதட்டினார். பிறகு நஞ்சப்பனைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். உங்கள் விரதத்தை நான் கெடுப்பேனா என்பதுபோல் இருந்தது அந்த முகம். நஞ்சப்பன் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் கப்பலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நல்ல மனுசங்க, கண்ணு."

"அதனால?" கோகிலவாணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வந்து நம்ம வூட்டைப் பாக்கச் சொல்லு. எனக்குச் சம்மதந்தான்."

அப்போதுதான் அவள் அழுதாள்.

தை பிறந்ததும் பெர்தோவும் லூர்தெஸும் கோகிலவாணியோடு ஏரியூர் வந்தார்கள். ரோமெலுக்கு லீவு கிடைக்கவில்லை. நஞ்சப்பன் கிடா வெட்டினார். வாசலில் பந்தல், பந்தலில் நாற்பது உறவுக்காரர்கள். வெளிநாட்டுச் சம்பந்தி என்றதும் அழைக்காதவர்களும் வந்திருந்தார்கள். வந்ததும் லூர்தெஸ் இலையில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தைத் தீர்த்தம்மாள் கையில் கொடுத்தாள். அவள் அதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

பெர்தோ நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். தண்ணீரைத் தொடவில்லை.

காபி வந்தது, தொடவில்லை. வடை வந்தது, தொடவில்லை. தீர்த்தம்மாளின் தம்பி மாதேஸ் நஞ்சப்பனைத் தனியாக இழுத்துப் போனான்.

"மாமா, என்னா இது? கை நனைக்க மாட்டேங்கறாங்களே."

"பயணக் களைப்பு, மாதேசு."

"களைப்புக்குத் தண்ணி ஆவாதா? சம்பந்தி கை நனைக்காம நாங்க எப்புடி எலையில உக்கார்றது? நம்ம வூட்டுல என்ன கொறையைக் கண்டாங்களாம்?"

பந்தலில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பெண்ணுக்கு வயசு தெரிந்திருக்கும் என்றார் ஒருவர். வீட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கலாம் என்றார் இன்னொருவர். தொப்பூரிலிருந்து வந்த ஒருத்தி, "இவுரு பண்ணுனது இவுருக்கே திரும்புது" என்று பக்கத்து ஆள் காதில் சொன்னது நஞ்சப்பன் காதிலும் விழுந்தது. தீர்த்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையல் பக்கம் போய்விட்டாள்.

"இப்பச் சாப்புடலாம், பரவால்லன்னு சொல்லு கண்ணு," என்று மகளைக் கெஞ்சினார்.

கோகிலவாணி சொல்லிவிட்டு, வந்த பதிலைக் கொண்டுவந்தாள். "நீங்க அவங்க வூட்டுல மூணு நாள் மரியாதை காத்தீங்களாம். ஒரு நாள்கூட அவரால முடியாதான்னு கேக்கறார். அவ்வளவு கேவலமானவன் இல்லையாம்."

"ஐயோ, நீ ஏதாவது சொல்லி..."

"அன்னைக்கி நீங்க சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். இப்பவும் நீங்களே சொல்லுங்கப்பா." கண் கலங்கியிருந்தது, ஆனாலும் அவள் அசையவில்லை. "இன்னைக்கு இது கலைஞ்சா அவ்வளவுதான். நான் சிங்கப்பூர் போயிருவேன்."

நஞ்சப்பன் திரும்பிப் பார்த்தபோது பெர்தோ நாற்காலியில் இல்லை. வீட்டைச் சுற்றித் தேடினார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனார். அங்கே பெர்தோ குந்தி உட்கார்ந்து சத்தம் வராமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெர்தோ முதலில் திருதிருவென்று விழித்தார். பிறகு நஞ்சப்பனைக் கை காட்டி, வாய்க்குள் எதையோ கடிப்பதுபோல் செய்து, மூக்கைச் சுளித்து 'உர்ர்ர்' என்று பன்றிபோல் உறுமினார். அன்றைக்குக் காலடிச் சத்தம் யாருடையது என்று நஞ்சப்பனுக்கு இப்போது தெரிந்தது. மறைவாகப் போய்க் கொண்டுவந்ததைத் தின்பதும் அந்த மரியாதையில் சேர்த்தி என்றே அந்த மனுஷன் நினைத்திருக்கிறார்! பெர்தோ பொட்டலத்தை நீட்டினார். உங்களுக்கும் பசிக்கும், ஒன்று எடுங்கள் என்றது அந்தக் கை.

நஞ்சப்பனுக்கு அதுவரை வராத வெட்கம் அப்போது வந்தது. பெர்தோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தல் நடுவே வந்தார்.

"கோகிலா, நான் சொல்றதை அப்புடியே சொல்லு. ஒண்ணும் கொறைக்காத." பெர்தோ பக்கம் திரும்பினார். "மரியாதைன்னு நான் சொன்னது பொய்யிங்க. எங்கூர்ல கை நனைக்கலைன்னா வூடு புடிக்கலைன்னு அர்த்தம். உங்க வூட்டைப் பாக்கறதுக்கு முன்னாலயே வேண்டான்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். அது என் திமிரு."

பந்தலில் தொப்பூர்க்காரி நன்றாகக் கேட்க எழுந்து முன்னால் வந்து நின்றாள். கோகிலவாணி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பெர்தோ முகத்தில் சிரிப்பு அணைந்தது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். லூர்தெஸ் நஞ்சப்பனையே பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"காட்டுக்குக் கொண்டாந்த கெழங்கும் புடிக்கலையான்னு கேக்கறாங்க," என்றாள் கோகிலவாணி.

"அதுக்குக் கை நீட்டுனேம்மா! இவருதான் எலையைத் தள்ளி வெச்சுட்டாரு. அந்த வாசம் இன்னும் எம் மூக்குல இருக்குது."

அதைக் கேட்டதும் பெர்தோ தலையில் அடித்துக்கொண்டார். லூர்தெஸ் நேரே சாமி மாடத்துக்குப் போய்த் தன் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தாள். குச்சிக்கிழங்கில் வெல்லமும் தேங்காயும் சேர்த்துச் சுட்ட அடைகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், இரண்டு விரல் தடிமன். நஞ்சப்பனை நாற்காலியில் உட்கார வைத்தாள். கையில் ஒன்றைக் கொடுத்தாள். அவர் தின்றார். நல்ல ருசி. பந்தலில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். மாதேஸ் இலை போடச் சொல்லிக் குரல் கொடுத்தான்.

லூர்தெஸ் இரண்டாவதைக் கொடுத்தாள். அதையும் தின்றார். மூன்றாவதைக் கொடுத்தாள்.

"போதுங்கம்மா, கறி சோறு ஆறுது. நீங்க மொதல்ல சாப்புடுங்க."

லூர்தெஸ் தலையை ஆட்டினாள். கோகிலவாணியிடம் ஏதோ சொன்னாள். கோகிலவாணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மூணு நாள், மூணு வேளை, ஒம்போது தட்டு வெச்சாங்களாம்பா. ஒம்போதும் பன்னி தின்னுச்சாம். அந்த ஒம்போதையும் இப்ப நீங்க தின்னு தீத்தாத்தான் இந்த வூட்டுல அவங்க கை நனைப்பாங்களாம்."

நஞ்சப்பன் பெர்தோவைப் பார்த்தார். பெர்தோ நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். நாற்பது பேர் இலைக்கு முன்னால் காத்துக்கொண்டிருக்க, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, ஆறாவது என்று உள்ளே போனது. ஏழாவதை விழுங்கிவிட்டு நஞ்சப்பன் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். தீர்த்தம்மாள் செம்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"குடிச்சுட்டுச் சாப்புடுங்க," என்றாள். "இன்னும் ரெண்டு இருக்குது."