பாடுபட்ட கோழி

இரண்டு வருடத்துக்கு முன்னால், கறிக்குப் போன லாரியிலிருந்து தவறி விழுந்த கோழி ஒன்று மலையடிக் காட்டில் இன்னும் உயிரோடு திரிகிறது என்று கேள்விப்பட்டதும் முட்டைப் பண்ணை மேலாளருக்குப் புல்லரித்துவிட்டது. நரியையும் கீரியையும் ஜெயித்த அந்தக் கோழியை மேடையேற்றி, மனவுறுதி பற்றி ஒரு மணி நேரம் பேசப்போவதாக அறிவித்தார். தொழிலாளர்கள் கேட்டிருந்தது மின்விசிறி.

கோழி பிடிப்பவரைக் கூப்பிட்டார். மனிதர் ஏழு வருடமாகத் தினக்கூலி.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பிடிச்சிட்டு வந்தா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா நீயும் காட்டுலயே இருந்துக்க."

மூன்று நாள் முட்புதரில் புரண்டு பிடித்து வந்தார். கோழியைப் பார்த்த மேலாளரின் முகம் தொங்கிப்போனது. இறகு பளபளத்தது. கொண்டை செக்கச்செவேலென்று நிமிர்ந்து நின்றது.

"என்னய்யா இது, மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கு? இத வெச்சு நான் என்னத்தப் பேசுறது? பாடுபட்டதா ஒண்ணு கொண்டா."

கோழி பிடிப்பவர், முட்டை பிரிக்கும் இடத்தில் வேலை பார்க்கும் தன் மனைவியிடம் போய்ப் புலம்பினார். அவள் கையிலிருந்த முட்டையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பாடுபட்டதுக்கா பஞ்சம்? மூணாவது கொட்டகைல கைய விடுங்க, வர்றத எடுத்துட்டுப் போங்க."

வந்ததை எடுத்துப் போனார். கூண்டுக் கம்பியில் உரசி உரசி வழுக்கையான கழுத்து. வளைந்து சுருண்ட நகம். மேடையில் நிற்கத் தெரியாமல் மைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டது. மேலாளரின் குரல் தழுதழுத்தது.

"இந்தக் கழுத்தப் பாருங்க. நரியோட பல்லு. இப்படி ஒரு இடத்துல ஒரு உயிர் எப்படிப் பிழைச்சிருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

அதே கழுத்தை அன்று காலையில்தான் மூவாயிரம் தடவை பார்த்துவிட்டு வந்தவர்கள், தலையைக் குனிந்து, நினைத்துப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கிய ஒருவருக்கு இருமல் வந்தது. மேலாளர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு, இந்த ஜீவன் இனி ஒரு நாளும் கஷ்டப்படக் கூடாது, நமது மூன்றாவது கொட்டகையிலேயே இதற்கு இடம் கொடுக்கிறேன் என்று முடித்தார். கைதட்டலுக்கு நடுவே கோழி பிடிப்பவருக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவும் கிடைத்தது.

அதற்குள் பக்கத்துக் கோழிகள் பரவி உட்கார்ந்துவிட்டதால், பழைய கூண்டுக்குள்ளேயே அதைத் தள்ளித்தான் நுழைக்க வேண்டியிருந்தது.

பிறகு கோழி பிடிப்பவர் வாசலில் கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கினார். மாப்பிள்ளைக் கோழி அவசரப்படவில்லை. சிந்திக் கிடந்த தீவனத்தைக் கொத்தி முடித்துவிட்டு, வேலிக்கு அடியில் புகுந்து காட்டைப் பார்க்கப் போனது. அது மறையும்வரை, சட்டைப் பையில் உத்தரவோடு நின்றார்.

மணி அடித்தது. கொட்டகைக்குள் போனார்.