மூன்று பக்கம் தொடாத சஹன்

காலிதாவுக்கு முதல் வரி வரவில்லை. சமையல் குறிப்பு எழுதுவதில் சிரமம் இல்லை. வெங்காயம் எவ்வளவு, புளி எவ்வளவு என்பதெல்லாம் தானாகவே வந்துவிடும். குறிப்புக்கு முன்னால் வரவேண்டிய கதைதான் வரவில்லை. வலைப்பதிவில் ஒரு வரி அடிப்பாள், அழிப்பாள். கச்சான் காற்று ஜன்னல் கட்டையில் மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். அதைத் துடைத்துவிட்டு வந்து மறுபடி அடிப்பாள்.

அந்தப் பதிவை அவள் தொடங்கியபோது, கடற்கரை ஊரான புதுமடத்து வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். மாமியார், மகன் இஃப்திகார், மகள் யும்னா, அவள். கணவர் ரிஃபாய் அப்போதும் தம்மாமில்தான் இருந்தார். நாலு பேரும் ஒரே சஹனைச் சுற்றி உட்காருவார்கள். அகலமான அந்தத் தட்டில் சோறு நடுவில் குவிந்திருக்கும். அவரவர் தம் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். உட்கார்ந்ததும் பேச்சு கிளம்பும். மீன் தலை யாருக்குப் போனது, யார் கோபத்தில் முள்ளை யார் பக்கம் தள்ளினார்கள், மாமியார் யாரைப் பார்த்து இருமினார். காலிதா எழுதியது அதைத்தான். வளைகுடா அறைகளில் தாங்களே சமைத்துக்கொள்ளும் ஆண்கள் அதைப் படித்துவிட்டு, தம் வீட்டில் யார் எப்படி இருமுவார்கள் என்று பதில் எழுதுவார்கள்.

மாமியார் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். இஃப்திகார் வேலைக்குச் சென்னை போனான். யும்னாவைக் கட்டியவர் அவளை ஷார்ஜாவுக்கு அழைத்துக்கொண்டார். அதன் பிறகு சஹன் பரண் ஏறியது.

யும்னா போனில் விடவில்லை.

“பிளாக்குல ஒண்ணையும் காணோமே உம்மா. சமைக்கிறீகளா, இல்ல பன்னும் டீயுமா ஓட்டுறீகளா?”

“சமைக்கிறேன் புள்ள. எழுதத்தான் ஏலல.”

“சமைச்சாத்தான எழுத வரும். ஏமாத்தாதீக. பெருநாளைக்குள்ள ஒரு பதிவு வரலைன்னா வாப்பாட்டச் சொல்லிட்டு இவுகள விசா எடுக்கச் சொல்லிருவேன். வீட்டப் பூட்டிட்டு இங்கன வந்துருங்க. படத்த மட்டும் எடுத்துப் போட்டுட்டு ஆக்குனத அப்படியே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துறக் கூடாது. நீங்க சாப்புட்டது எனக்குத் தெரியணும்.”

ஷார்ஜா வீட்டில் காலிதா முன்பு ஒரு மாதம் இருந்திருக்கிறாள். அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. உப்பு டப்பா எங்கே என்று மருமகனின் தாயிடம் கேட்க வேண்டும். நல்லவர்கள்தான். ஆனாலும் அங்கே அவள் விருந்தாளி. இந்த வீடு அவள் வீடு. பூட்டினால் ஒரு மழைக்காலத்தில் கதவு உப்பி நின்றுவிடும். பிறகு யார் வந்து திறப்பது?

ஆகவே வெள்ளிக்கிழமை சஹனை இறக்கிக் கழுவினாள். பாறைமீன் வாங்கிப் புளி கரைத்து ஆணம் வைத்தாள். பழைய அளவில் சோறாக்கிக் குவித்தாள். உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். மகள் சொன்னபடி, சாப்பிட்டது தெரியும்படி படம் எடுத்தாள். உச்சிப்புளியிலிருந்து ரிஃபாயின் அக்கா வீட்டார் வந்ததாகவும், மீன் தலைக்குப் பெரிய தகராறு நடந்ததாகவும் எழுதினாள். பொய் என்பதால் முதல் வரி சுலபமாக வந்தது. வாசகர்கள் வாழ்த்தினார்கள்.

மாலையில் தம்மாமிலிருந்து ரிஃபாய் கூப்பிட்டார்.

“மாஷா அல்லாஹ், விருந்து பலமோ? யார் யாரு வந்தாக?”

“உங்க லாத்தா, அவுக மாப்புள, மருமக...”

“வந்து நோன்பு புடிச்சாகளோ?”

“என்ன மச்சான் பேசுறீக?”

“படத்தப் பாரு புள்ள. ஒம் பக்கம் மட்டும் பள்ளம். மத்த மூணு பக்கமும் சோறு கரை கட்டி நிக்கிது.”

அவள் படத்தைத் திறந்தாள். அவர் சொன்னபடிதான் இருந்தது. தனியாக உட்கார்ந்திருந்தும் அவள் கை தன் பக்கத்தைத் தாண்டவில்லை. அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது என்று சின்ன வயதில் பழகியது. ஏமாற்றுவதற்காகக் கூடக் கை நீளவில்லை. நீட்டலாம் என்று தோன்றவே இல்லை.

“யும்னா கண்டுபுடிச்சிருப்பாளா?”

“அவ ஹார்ட்டுப் போட்டுருக்கா. ஆளுக்கொரு தட்டு வச்சுத் திங்கிற வீட்டுக்குப் போனவளுக்கு இது எங்கன கண்ணுல படப்போவுது? ஒண்ணுஞ் சொல்ல மாட்டா. அந்தப் படத்தத் தூக்கிட்டு வேற போடு, முடிஞ்சுபோச்சு.” கூடவே கேட்டார். “மிச்சச் சோறு?”

“பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்.”

“நேத்து ராத்திரி என்ன சாப்புட்ட?”

“பன்னு.”

அடுத்த வருஷம் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார் அவர். அது அவர் வருஷாவருஷம் சொல்வது. அவள் ம் என்றாள்.

படத்தை மட்டும் மாற்றியிருக்கலாம். அவள் பதிவையே அழித்தாள்.

மறுநாள் காலை மீன்காரி ராக்கு கூடையை இறக்கினாள்.

“யக்கா, பாறை வேணுமா?”

“காரல் குடு. ஒரு ஆளுக்கு எம்புட்டு வேணும்?”

“ஆரு அந்த ஒரு ஆளு?”

“நாந்தான்.”

ராக்கு அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். “பாதிக் கூறு போதும். மீதிப் பாதிய எவன் தலையில கட்டுறது? போ, எங்க வீட்டுப் பூனை தின்னுட்டுப் போகுது.”

வீட்டிலிருந்த சட்டிகளெல்லாம் பெரியவை. பால் காய்ச்சும் பாத்திரத்தில் ஆணம் வைத்தாள். தக்காளியில் பாதி மிஞ்சியது. உடைத்த தேங்காய் கிட்டத்தட்ட முழுதாகவே மிஞ்சியது. சின்னத் தட்டு ஒன்றில் சோறு போட்டுப் படம் எடுத்தாள். சாப்பிடுவதற்கு முன்பே உட்கார்ந்து அடித்தாள்.

“இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் சாப்பிடுகிறேன்.”

அந்த வரியை அவள் அழிக்கவில்லை. அடுத்தது வந்தது. சாப்பிடும்போது பேச ஆள் இல்லாததால் முள் எடுப்பதில் கவனம் கூடிவிட்டது என்று எழுதினாள். பால் பாத்திரத்தை எழுதினாள். நேற்று யாரும் வரவில்லை, அந்தப் பதிவு பொய் என்றும் எழுதினாள். ஒரு ஆள் ஒரு தேங்காயை என்ன செய்வது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டாள். சாப்பிட்டு முடித்து, முள் மட்டும் மிஞ்சிய தட்டின் படத்தையும் சேர்த்தாள். இதை யும்னா படிப்பாள் என்பது தெரிந்துதான் வெளியிட்டாள்.

மதியம் லுஹர் தொழுகை முடிவதற்குள் போன் அடித்தது.

“ஒத்தையில கெடக்குறேன்னு ஊரு பூராம் சொல்லிட்டீக.”

“ஆமா.”

“அப்ப விசா எடுக்கச் சொல்லவா?”

“பெருநாளைக்கு வாரேன். இருந்துட்டுத் திரும்பிருவேன்.”

“திரும்பிப் போயி?”

“ஆக்கித் திம்பேன். ஒனக்கே தெரியும்ல, இன்னைக்குத் தின்னுருக்கேன்.”

யும்னா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கோபத்தோடு, “தேங்காயத் துருவி ஃப்ரீசர்ல வைங்க உம்மா, இது கூடத் தெரியாதா?” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பதிவுக்குக் கீழே பதில்கள் வந்துகொண்டிருந்தன. குவைத்திலிருந்து நெய்னா முகம்மது என்பவர், தானும் ஒரு ஆள்தான், உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டிருந்தார். காலிதா அடுப்படிக்குப் போய், பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஆணத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். என்னுடையதில் கூடிவிட்டது, நீங்கள் குறைத்துப் போடுங்கள் என்று பதில் எழுதினாள்.