பாலத்தில் நின்ற அண்ணன்

லிஃப்ட் மெக்கானிக் அரை மாரத்தான் ஓடப் போகிறார் என்ற செய்தி கேட்டு அவருடைய கம்பெனியில் சிரிக்காதவர் இல்லை. லிஃப்ட் நின்றுபோனால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவர் படியேறித்தான் போக வேண்டும். "ஊரே லிஃப்ட்ல போகுது, இவரு மட்டும் இருபது வருஷமா படியேறியே காலைத் தேத்திட்டாரு" என்று ஸ்டோர்காரர் கிண்டலடித்தார். தேறியது என்னவோ இடது கால் மட்டும்தான். வலது முட்டி எப்போதோ கையை விரித்துவிட்டது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நழுவுவதில் மனிதர் பலே கெட்டிக்காரர்.

வீட்டிலோ ஒரே அமர்க்களம். பத்து வயது மகள் குட்டி, "எங்கப்பா இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப் போறாரு" என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். மச்சான் தன் பங்குக்கு ஒரு விசில் வாங்கி, அக்கம்பக்கத்தாரின் சாபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டான். மனைவி பாதையின் படத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, எங்கெங்கே நின்று உற்சாகப்படுத்துவது என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். நான்காவது கிலோமீட்டரில் ஒன்று. ஒன்பதிலும் பதினேழிலும் ஒரே இடம், பெட்ரோல் பங்க் முனை. ஏனென்றால் அங்கிருந்து பாதை நேராகப் பாலம் வரை நாலு கிலோமீட்டர் போய், சுற்றிக்கொண்டு, நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கமாக அதே முனைக்குத் திரும்பி வருகிறது. கடைசி வட்டம் மைதானத்தில்.

முந்தின நாள் காலணிக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தபோது மனைவி மெல்லச் சொன்னாள். "பெரியவருக்கு போன் பண்ணேன். நாளைக்கு ஓடறாரு, வாங்கன்னு சொன்னேன்."

அவர் கை நின்றுவிட்டது. "என்ன சொன்னாரு?"

"பார்க்கலாம்மான்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

பெரியவர் என்றால் அவருடைய அண்ணன். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஆறு வருஷம் ஆகிறது. சொத்துத் தகராறு ஒன்றும் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த மத்தியானம், "ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போன தம்பி, சாயங்காலம்தான் திரும்பினார். பார்க்கத் தைரியம் இல்லாமல் பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தார். அம்மா போனபோது கையைப் பிடித்திருந்தது அண்ணன் மட்டும்தான். "கஷ்டம்னு வந்தா இவன் அங்க இருக்க மாட்டான்" என்று சொந்தக்காரர்கள் நடுவில் அண்ணன் சொன்னார். அது உண்மை என்பதால்தான் தம்பிக்கு அவ்வளவு கோபம் வந்தது. அன்றைக்குப் பேச்சு நின்றது.

இப்போது அண்ணன் வந்தால் போதும். வந்து ஓரமாக நின்றால்கூடப் போதும். மெடலாவது மண்ணாங்கட்டியாவது.

காலை ஆறு மணிக்குக் கூட்டத்தோடு கூட்டமாகக் கிளம்பினார். நான்காவது கிலோமீட்டரில் மச்சானின் விசில் காதைப் பிளந்தது, குட்டி அட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். அவர் கண்கள் அவர்களைத் தாண்டி ஒவ்வொரு முகமாகத் தேடின. அண்ணன் இல்லை. பெட்ரோல் பங்க் முனையிலும் இல்லை.

"வரலையா?" என்று ஓடிக்கொண்டே மனைவியிடம் கேட்டார்.

"இன்னும் நேரம் இருக்குங்க! நீங்க ஓடுங்க!"

அந்தக் குரலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். வரமாட்டார். ஆறு வருஷம் வராதவர் ஒரு ஓட்டத்துக்கா வரப்போகிறார்? அதுவரை சும்மா முனகிக்கொண்டிருந்த முட்டி அந்த நினைப்பு வந்ததும் உயிர் போகிற மாதிரி வலித்தது.

பாலத்துச் சாலையில் ஒரு கிலோமீட்டர் நொண்டியபின், பூட்டியிருந்த டயர் கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். ரெண்டு நிமிஷம்தான், நாடாவை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று சத்தியமாக நினைத்தார். ரெண்டு பத்தாகி, பத்து நாற்பதானது. அடுக்கி வைத்த பழைய டயர்கள் மேல் காலை நீட்டி, முட்டியைத் தடவிக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் பாலத்தைச் சுற்றித் திரும்பி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் அவரோடு சேர்ந்து ஓடிய மஞ்சள் தொப்பிக்காரர் வந்தார். அதாவது, ஒழுங்காக ஓடியிருந்தால் இவரும் இந்நேரம் அங்கேதான் வந்திருப்பார்.

தடுப்பில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது. சாலையில் யாரும் இவரைப் பார்க்கவில்லை. இதற்குப் பெரிய யோசனை எதுவும் தேவைப்படவில்லை. கால் தானாகவே நுழைந்துவிட்டது. ஓட வேண்டியதில் ஆறு கிலோமீட்டர் மிச்சமாகிவிட்டது. மனுஷனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வலி கொஞ்சம் குறைந்திருந்தது.

பெட்ரோல் பங்க் முனைக்கு மறுபடி வந்தபோது மனைவி சாலைக்குள்ளேயே ஓடி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், கல்யாணத்தன்றுகூட அவர் பார்த்ததில்லை.

"அண்ணன் வந்திருக்காருங்க! பாலத்துக்கிட்ட நிக்கிறாராம்! நீங்க அந்தப் பக்கம் போனதுமே போன் பண்ணாரு! பார்த்தீங்களா?"

எல்லார் கண்ணுக்கும் அவர் பாலத்திலிருந்து திரும்பி வருகிறவர். குட்டி எதிரில் நிற்கிறாள். மச்சான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறான்.

"பார்த்தேன்" என்றார்.

வாய் கூசாமல் வந்துவிட்டது. கால் நிற்கவில்லை. பத்தடி போன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

மிச்சம் இருந்த நாலு கிலோமீட்டரை அவர் எப்படி ஓடினார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. யாரோ கைதட்டினார்கள், யாரோ ஆரஞ்சுத் துண்டை நீட்டினார்கள். அவர் மனசு முழுக்கப் பாலத்தில் இருந்தது. அங்கே அண்ணன் நிற்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வராத தம்பி ஏற்கனவே வந்து போய்விட்டான் என்று இந்நேரம் அவருக்கு போனில் சொல்லியிருப்பார்கள். திரும்பி ஓடிவிடலாமா என்று ரெண்டு தடவை நினைத்தார். திரும்பினால் மறுபடி அந்த முனையைத் தாண்ட வேண்டும், குட்டி முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கும் தைரியம் இல்லை. ஆக, முன்னால் ஓடுவதுதான் சுலபமாக இருந்தது.

மைதானத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஒரு பெண் மெடலைக் கழுத்தில் மாட்டினாள். குறுக்கு வழியில் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்திருந்த குட்டி, அம்மாவின் போனைப் பிடுங்கி, நாலு பக்கமும் நின்று படம் எடுத்து, எடுத்த கையோடு எல்லாருக்கும் அனுப்பினாள். வகுப்புக்கு, மாமாவுக்கு, பெரியப்பாவுக்கு.

மனைவியின் முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை. "ஏங்க, பார்த்துட்டு ஏன் நிக்காம வந்தீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டாள். "அவர்கிட்ட போன்ல நீங்க பார்த்ததாச் சொன்னேன். ஒண்ணேகால் மணி நேரமா நிக்கிறேன், என் கண்ணுக்கு அவன் படலையேம்மா, அவன் கண்ணுக்கு நான் பட்டேனான்னு கேட்டாரு. அப்புறம் வெச்சுட்டாரு."

அவர் மனைவியின் போனை வாங்கிக்கொண்டு தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போனார். நாலாவது மணியில் அண்ணன் எடுத்தார். இவர் "நான்தாண்ணே" என்றார்.

"சொல்லு." ஆறு வருஷத்துக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை.

"அண்ணே, நான் உன்னைப் பார்க்கலண்ணே. பார்த்தேன்னு சொன்னது பொய். நான் பாலத்துக்கு வரவே இல்ல. முட்டி வலி தாங்கல. நடுவுலயே உட்கார்ந்துட்டேன், தடுப்பைத் தாண்டித் திரும்பிட்டேன். நீ அங்க நிக்கிறது தெரிஞ்சிருந்தா தவழ்ந்தாவது வந்திருப்பேன்."

"மெடலோட போட்டோ வந்திருக்கு" என்றார் அண்ணன்.

"அது கோட்டைத் தாண்டுற எல்லாருக்கும் கொடுக்கறதுண்ணே."

"விடுறா. ஓடாதவனுக்கு யாராவது மெடல் கொடுப்பாங்களா? பேசப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போ. அதுக்குன்னு உன்னையே நீ அசிங்கப்படுத்திக்கிட்டு ஒரு கதை கட்டணுமா?" குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "உன்னைக் கட்டிப்பிடிக்கணும்னு எல்லாம் வரலடா. கையைத் தட்டிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். சரி, வெயில் ஏறுது. வீட்டுக்குப் போறேன்."

"அண்ணே, சத்தியமா—"

லைன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அடித்தபோது அண்ணன் போனையே அணைத்து வைத்துவிட்டிருந்தார்.

வாழ்நாளில் முதல் தடவையாக நழுவாமல் நின்று ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறார், அதைக் கேட்க வேண்டியவர் நம்பவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

பின்னால் குட்டி தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும், கேட்டது அத்தனையையும் அவள் நம்பிவிட்டாள் என்று தெரிந்தது.

"குட்டி" என்றார்.

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு, ஒரு கேனின் மேல் உட்கார்ந்து, வகுப்புக்கு அனுப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.