நுவரெலியாவுக்கு ரெண்டு தொப்பி

தக்சாயினியின் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவள்தான். அதற்காக அவளை வவுனியாவுக்கு அங்கால் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கக்கூடாது. சிநேகிதரோடு நுவரெலியா போக அப்பாவிடம் ‘ஓம்’ வாங்க நாலு வருடம் பிடித்தது. திங்கட்கிழமை அவளுக்கு வேலை தொடங்குகிறது. இன்றைய காலை ரயிலை விட்டால் பிறகு அந்த ‘ஓம்’ செல்லாது. சிநேகிதி அமானி நாலு பேரின் ரிக்கெற்றுகளோடு யாழ்ப்பாணம் ஸ்டேசனில் காத்து நின்றாள்.

இந்த நிலையில்தான், கொக்குவிலில் தக்சாயினி இருந்த ஓட்டோவில் ஏற, கூட வரும் நிருஷனும் தேனுஜனும் ஆளுக்கொரு தொப்பியோடு வந்தார்கள். நிருஷனுடையது கௌபோய் தொப்பி.

“உதென்னடா, ஓலைக் கடகத்தைக் கவிழ்த்தமாதிரி?” என்று தக்சாயினி கேட்டாள்.

“அங்கை குளிரடி.”

“குளிருக்குக் காதையெல்லோ மூடவேணும். உது காதுக்குக் கூரை போட்டிருக்கு.”

தேனுஜனுடையது தட்டைத் தொப்பி. முன்னால் சின்னச் சொண்டு. “என்ரையைப் பார். வெள்ளைக்காரன் குதிரைப் பந்தயத்துக்குப் போடுறது.”

“தோசை திருப்பேக்கை தலையில விழுந்திட்டுதோ எண்டு பாத்தன்.”

“பொம்பிளையளுக்கு ஸ்டைல் விளங்காது.”

“வழுக்கை விழுறது விளங்குது.”

ஓட்டோ புறப்பட்டது. அந்த வழியில் கோயில்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றுக்கும் நிருஷன் தொப்பியைக் கழற்றி மடியில் வைப்பான், கும்பிடுவான், திரும்பப் போட்டு விளிம்பை நீவுவான். பிள்ளையார் போனார், வைரவர் போனார்.

“ஸ்டேசன் போகுமட்டும் கழட்டினபடி இரன்ரா.”

“தலைமயிர் கலைஞ்சுபோடும்.”

அம்மன் கோயிலடியில் அவன் இரண்டு கையையும் கூப்ப, காற்று தொப்பியைத் தூக்கியது. அது ஒரு வீட்டு மதிலுக்கு மேலால் உள்ளே போய் விழுந்தது. உள்ளே நாய் குரைத்தது.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ.” நிருஷன் பாய்ந்து போய்ப் படலையைத் தட்டினான். பின்னாலேயே தேனுஜன் ஆலோசனை சொல்லப் போனான். நாய் மட்டும்தான் பதில் சொன்னது.

அமானி போன் எடுத்தாள். “றெயின் வந்து நிக்குது. எங்கையடி நிக்கிறியள்?”

“விட்டிட்டு வாங்கோடா, தொப்பிதானே,” என்று தக்சாயினி கத்தினாள்.

“என்ரை அண்ணை கனடாவில இருந்து அனுப்பினது,” என்றான் நிருஷன். “றெயின் நாளைக்கும் ஓடும். இல்லாட்டி அடுத்த மாசம் போவம்.”

அடுத்த மாதமாம். இவங்களுக்கு அடுத்த மாதமும் ஒரு மாதம்தான். வீட்டில் கேட்கவும் தேவையில்லை, சொல்லவும் தேவையில்லை. தக்சாயினி இரண்டு பேரின் பைகளையும் இறக்கி மதிலோரம் பக்குவமாக வைத்தாள்.

“ஓட்டோவை எடுங்கோ அண்ணை.”

தேனுஜன் துரத்தி ஓடி வந்தான். ஒரு கையால் தோசையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம்தான் ஓட முடியும்?

ஸ்டேசனில் அமானி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “அவங்கள் எங்கை?”

“நாய் கதவு திறக்குமெண்டு நிக்கிறாங்கள். நீ ஏறு.”

ரயில் நகர்ந்தது. நாலு பேரின் இருக்கையில் இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டார்கள். தக்சாயினி யன்னல் பக்கத்தை யாரிடமும் கேட்டு எடுக்கவில்லை.