வேலியில் எட்டு எலிப்பறவைகள்

1
இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து வந்தது, முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எந்தப் பறவை அழியப்போகிறது என்று சொல்லும் பட்டியல். புள்ளி எலிப்பறவைக்கு நேரே "கவலை மிகக் குறைவு" என்று போட்டிருந்தது. பத்தொன்பது வருஷமாகக் கென்யாவின் கிட்டுயியில் குடியிருக்கிறவன் கேட்கிறேன், யாருக்கய்யா கவலை குறைவு?

சியோம்புவா என்ற கொலைகாரி அன்று காலை... (வேண்டாம். இப்படித் தொடங்கினால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள்.)

2
சியோம்புவா பிள்ளையில்லாத விதவை. கம்பா இனத்து வழக்கப்படி, வாரிசு வேண்டி, கலோண்டு என்ற பெண்ணைத் தனக்கு மனைவியாக மணந்துகொண்டாள். கலோண்டு வேறொரு ஆண் மூலம் பெற்ற இரண்டு பிள்ளைகளும் சியோம்புவாவின் வாரிசுகள்.

(இந்த உறவுக்குத் தமிழில் சொல் தேடித் தோற்றேன், கலோண்டு "அக்கா" என்றே கூப்பிடட்டும். எலிப்பறவையை யாரோடு சேர்ப்பது என்று திணறிய அறிஞர்களும் கடைசியில் அதற்கென்று தனி வரிசையே கொடுத்துவிட்டார்கள். அதில் ஆறே வகை. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் இருந்ததற்கு எலும்புகள் சாட்சி. இன்று ஆப்பிரிக்காவை விட்டால் எங்குமில்லை. அத்தனை பழைய உயிர் நம் வேலியில் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பப்பாளி திருடுகிறது! நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.)

3
எலிப்பறவைகள் கொத்தாத பழம் தோட்டத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பொறுக்கமாட்டாமல் சியோம்புவா ஒரு பப்பாளியில் பூச்சிமருந்தைத் தடவினாள். கலோண்டுவுக்குத் தெரிந்துவிட்டது.

"குருவி தின்னுற பழத்த நம்ம புள்ளைங்க தின்னாதாக்கா? ஒரு குருவி செத்து விழுந்தாலும் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கப்பன் வீட்டுக்குப் போயிடுவேன்."

சியோம்புவா பழத்தைப் பறித்துப் புதைக்க ஓடினாள். அதற்குள் பாதியைக் காணோம். சதையில் அலகுத் தடம். எந்தப் பறவையின் அலகு என்று தெரியவில்லை.

4
மறுநாள் விடிந்தபோது நல்ல குளிர். வேலி முள்ளில் ஏழு எலிப்பறவைகள் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிக் கொத்தாகத் தொங்கின. தொட்டால் சில்லென்றிருந்தன. எட்டாவது கீழே கிடந்தது. கலோண்டு உள்ளே போய் மூட்டை கட்டினாள்.

(முடிவு ஒன்று: குளிரிலும் பசியிலும் இந்தப் பறவை உடம்புச் சூட்டை இறக்கிவிட்டுப் பிணம் போலத் தூங்கும். வயிற்றில் வெயில் பட்டால் எழுந்துகொள்ளும். முடிவு இரண்டு: மருந்து. இரண்டையும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன்.)

5
சியோம்புவா கீழே கிடந்ததை எடுத்து நெஞ்சுத் துணிக்குள் வைத்துக்கொண்டு, வெயில் முதலில் விழும் இடத்தில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகப் பயந்தாள்.

"கலோண்டு, தப்பு என்னோடதுதான். வெயில் வர்ற வரைக்கும் இரு. அப்புறம் போ."

கலோண்டு மூட்டையோடு வேலியோரம் வந்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, தொங்கும் கொத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"வெயில் வரட்டும்," என்றாள்.

வெயில் மலையை விட்டு இறங்கி இருவருக்கும் ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அந்த ஒரு முழத்தை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. குனிந்து இதைப் படித்துக்கொண்டிருப்பவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உங்கள் நிழல் விழுகிறது.