ஒரே நம்பர்

சுவர்க் கடிகாரத்தில் நான்கு இருபது. ஆறு மணிக்குப் பழைய காப்பீட்டு மென்பொருளை மூடிவிடுவார்கள்.

மரக்காணம் பகுதி காப்பீட்டு அட்டைகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் பொறுப்பு கிருபாவுடையது. மூன்று மாத வேலை. முப்பத்தோரு அட்டைகள் தவிர எல்லாம் மாறிவிட்டன. முப்பத்தொன்றும் உப்பளக் குடும்பங்கள். முப்பத்தொன்றிலும் ஒரே கைபேசி எண். அட்டையை மாற்ற அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி போகும்.

மேஸ்திரி சக்கரபாணியின் எண் அது. பாத்தியில் இறங்குகிறவர்கள் போன் கொண்டுபோவதில்லை. உப்புத் தண்ணீர் ஒருமுறை பட்டால் போதும். வேலைக்குக் கூப்பிடுவதும் வீட்டில் சாவு விழுந்தால் சொல்லி அனுப்புவதும் மேஸ்திரி போனுக்குத்தான்.

ஆறு வருடத்துக்கு முன் அங்கே அட்டைப் பதிவு முகாம் நடத்தியவளும் கிருபாதான். வரப்பில் மேசை போட்டிருந்தாள். பெண்கள் முழங்கால்வரை வெளுத்த கால்களோடு பாத்தியிலிருந்து நேராக வந்து நின்றார்கள். எண் கேட்டால் ஒவ்வொருத்தியும் மேஸ்திரியைக் காட்டினாள். நான்காவது ஆளுக்குப் பிறகு கிருபா கேட்பதை விட்டுவிட்டாள். அதே எண்ணை எழுதிக்கொண்டே போனாள். மதியத்துக்குள் முகாம் முடிந்தது. மேலதிகாரி பாராட்டினார்.

சக்கரபாணி இறந்து இரண்டு மழை ஆகிவிட்டது. ரீசார்ஜ் செய்யாமல் கிடந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டது.

மேசைக்கு எதிரே மேரிசெல்வி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. அவள் கணவன் ஜான்சன் உப்பு மூட்டை தூக்கியவன். இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அடுத்தது நாளைக் காலை, கிழக்குக் கடற்கரைச் சாலைத் தனியார் மருத்துவமனையில். அட்டை மாறியிருந்தால்தான் அனுமதி வரும். வெள்ளம் வந்த வாரம் ஒரு முறை தவறியது. அன்றிரவு மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே விடியும்வரை இருந்தான். அரசு மருத்துவமனையில் இயந்திரத்துக்கு வரிசை. அவன் பெயர் நாற்பது பேருக்குப் பின்னால்.

எண்ணை மாற்றலாம். மாற்றுவதற்கும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி வரும்.

கிருபா ஓடிபி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு அந்த எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தவள் கோட்டக்குப்பத்திலிருந்து பேசினாள். பெயர் ஷம்ஷாத். கணவர் துபாயில்.

"அந்த மேஸ்திரிய கேட்டு தினமும் போன் வருது. அவரு மவுத்தாயிட்டாருன்னு நானே நாலு பேருக்கு சொல்லிட்டேன்."

கிருபா தன் பெயர், பதவி, அலுவலகம் எல்லாம் சொன்னாள். இப்போது வந்திருக்கும் ஆறு இலக்கத்தைப் படித்தால் போதும் என்றாள்.

"யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்கன்னு கவர்மெண்டே சொல்லுது. நீங்களும் கவர்மெண்டுங்கறீங்க. நான் எந்த கவர்மெண்ட நம்பறதுங்க?"

அதே எச்சரிக்கை கிருபாவின் தலைக்கு மேல் சுவரில் இருந்தது. ஒட்டியது அவள்தான்.

மேரிசெல்வி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"யக்கா, நான் உப்பளத்துல வேலை செய்யறவ. எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். அந்த நம்பர் இல்லன்னா சேத்துக்க மாட்டாங்க."

மறுமுனையில் ஒரு குழந்தை எதையோ கேட்டது. ஷம்ஷாத் அதை அதட்டினாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"போன வருஷம் ஒருத்தி இப்படித்தான் அழுதாம்மா. கொழந்தைக்கு ஆபரேஷன்னா. நம்பி சொன்னேன், பேங்குல இருந்த பணம் போச்சு. இன்னி வரைக்கும் அவருக்குத் தெரியாது. நீ நெசமா இருந்தா என்னை மன்னிச்சிடு."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பத்து நிமிடத்தில் ஓடிபி காலாவதியானது.

கிருபா சென்னைக்குப் பேசினாள். மென்பொருள் பிரிவில் தமிழ்வேந்தன். ஓடிபி இல்லாமல் எண் மாற்ற மனு போடலாம், ஏழு வேலை நாள் ஆகும் என்றான். பழைய மென்பொருளில் நாளைய சிகிச்சைக்கு இன்றே அனுமதி போட முடியுமா என்று கேட்டாள். இன்றைக்குப் பிந்திய தேதியை அது ஏற்காது என்றான். மாற்றத்தால் யாருடைய சிகிச்சையும் நிற்காது என்று சுற்றறிக்கையில் போட்டிருக்கிறதே என்றாள். அவன் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"முப்பத்தொண்ணுதானே மேடம் பாக்கி. ஸ்டேட்லயே நீங்கதான் ஃபர்ஸ்ட்."

அவள் மனுவை அனுப்பினாள். ஒரு புகார் எண் வந்தது. தாளில் எழுதி மேரிசெல்வியிடம் கொடுத்தாள். மேரிசெல்வி அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

தனியார் மருத்துவமனைக்கும் பேசினாள். அனுமதி வந்தால் படுக்கை தயார் என்றார்கள்.

மணி ஐந்து ஐம்பதைத் தாண்டியது. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேம்ப் அன்னிக்கு எங்களுக்கெல்லாம் மோர் வாங்கிக் குடுத்தீங்க," என்றாள் மேரிசெல்வி. "வந்தவங்க யாரும் அப்படிக் குடுத்ததில்ல. அவருகூட சொல்லுவாரு."

கிருபா தலையசைத்தாள்.

ஆறு மணிக்குத் திரை வெள்ளையானது. சேவை நிறைவடைந்தது, நன்றி என்று ஒரு வரி வந்தது. கிருபா கணினியை அணைக்கவில்லை. வெளியே காவலாளி மற்ற அறைகளைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

மேரிசெல்வி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போய் நின்றாள்.

"ஆறரைக்கு பஸ்ஸு. நான் இருக்கவா மேடம், போகவா?"